அகல்வட்டம்: பழவேற்காட்டு நெய்தல் வழக்கும் பரிவேட வரலாறும்

1. முன்னுரை

ஞாயிற்றையும் திங்களையும் சூழ்ந்து சிற்சில வேளைகளில் தோன்றும் ஒளிவளையத்தைத் தமிழர் பல பெயரிட்டு வழங்கியுள்ளனர். ஊர்கோள், வட்டம், கோட்டை என்பன அவற்றுட் சில. வடமொழியினின்று வந்த பரிவேடம் என்னும் சொல்லும் நூல்வழக்கில் நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. இச்சொற்களுக்கெல்லாம் நம் அகராதிகள் ஏறத்தாழ ஒரே பொருளைத் தருகின்றன. ஒன்றை எடுத்துக் கூறி, மற்றொன்றை அதற்குப் பொருளாக எழுதிச் செல்கின்றன. ஆயின் வானில் தோன்றும் வளையம் ஒருவகையினது அன்று. தோற்றத்தாலும் பிறப்பாலும் தம்முள் வேறுபட்ட இரண்டு வளையங்கள் உள. ஒன்று பனிப்படிகங்களால் ஆவது. மற்றொன்று நீர்த்துளிகளால் ஆவது. இவ்வேறுபாட்டை நம் அகராதிகள் காட்டவில்லை. ஆனால் எழுத்தறியா மக்களின் வாய்மொழியில் அஃது அழியாது நிற்கின்றது.

‘அகல் வட்டம் பகல் மழை’ என்பது தமிழ்நாட்டில் வழங்கும் ஒரு பழமொழி. நான்கே சொற்களால் இயன்ற இத்தொடரில் ‘அகல்’ என்னும் அடைமொழி எதுகை நோக்கி வந்த வெற்றடை என்று கருதுவாரும் இருத்தல் கூடும். அது வெற்றடை அன்று. இயற்கையின் உண்மை வேறுபாடு ஒன்றைக் குறித்து நிற்கும் இன்றியமையாத அடை என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதனை நிறுவுதற்குப் பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த மீனவர் குப்பங்களை நிலைக்களமாகக் கொள்கின்றோம். வானக்குறியைப் பொழுதுபோக்காக அன்றிப் பிழைப்பாகக் கண்ட மக்கள் வாழ்ந்த இடம் அது. தமிழும் தெலுங்கும் ஒன்றோடொன்று உறவாடும் இடமுமாம். பரிவேடத்தின் காரணத்தை மேனாட்டார் ஆராய்ந்த காலத்தில் அந்நாட்டாருள் ஒரு சாரார் கோட்டை கட்டி அமர்ந்திருந்த இடமும் அதுவே.

2. நிலைக்களம்

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. அதன் பெயர் பெற்ற ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர்க் காயலாகும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. ஆரணியாறும் காளங்கியாறும் இதனுட் பாய்கின்றன. வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்றிட்டே சிறீஅரிக்கோட்டை. 1971 முதல் ஏவுகணைகள் விண்ணுக்குச் செலுத்தப்படுவது இத்திட்டினின்றே ஆகும்.

ஏரி மிக ஆழமற்றது. பல இடங்களில் ஓர் ஆள் நின்று வலை போடத்தக்க அளவே நீர் நிற்கும். அதன் உயிர்நிலை முகத்துவாரம். ஐப்பசி கார்த்திகை மழையால் ஆறுகள் பெருகி ஏரியை நிரப்பும்போது முகத்துவாரம் அகலத் திறக்கும்; கோடையில் மணல் சேர்ந்து அது தூர்ந்துபோவதும் உண்டு. கடல்நீரும் ஆற்றுநீரும் உரிய அளவிற் கலந்தாலன்றி இறாலும் மீனும் பெருகா.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் முதலிய ஊரார் ஏரியை நம்பி வாழ்வோர். ஏரியில் எவ்விடத்தில், எந்நாளில், எவர் வலையிடுவது என்பதைப் ‘பாடு’ என்னும் பழைய முறையால் வகுத்துக்கொள்பவர். லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் முதலியன கடல்முகத்து மணல்மேட்டில் அமைந்தவை. அவ்வூரார் கடல்மேற் செல்வோர். ஆகவே மழையின் வரவு இம்மக்களுக்கு ஒரே பொருளுடையது அன்று. ஏரியை நம்பியவனுக்கு அது வளம்; கடல்மேற் செல்பவனுக்கு அது கலக்கம். ஒரே வட்டத்தைக் கண்டு ஒருவன் மகிழவும் மற்றொருவன் கட்டுமரத்தை மேட்டில் இழுத்துப் போடவும் நேரும். இந்நிலத்தில் வானக்குறி பற்றிய சொல் பிழைபடின் அப்பிழை உயிரையும் உணவையும் தொடும் என்பதை நினைவிற்கொண்டே மேலே ஆராய்தல் வேண்டும்.

3. இருவகை வளையங்கள்

முதற்கண் இவ்வளையங்களின் இயல்பைத் தெளிதல் வேண்டும். தமிழகக் கடற்கரைக்கு மேலே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்திற்கு அப்பால் காற்று உறைநிலைக்குக் கீழ்க் குளிர்ந்திருக்கும். அதனினும் மிக உயரத்தில் மெல்லிய ஆடைபோற் படரும் வெண்முகில் முழுவதும் நுண்ணிய பனிப்படிகங்களால் ஆயது. கீழே மணல் காலைச் சுடும் நண்பகலிலும் மேலே இப்பனி உருகாது மிதக்கின்றது. பனிமழை பெய்தறியாத நெய்தல் நில மக்கள், ஆலங்கட்டி நீங்கலாக, இயற்கையில் உறைந்த நீரைக் காண்பது இவ்வொளிவளையத்தின் வாயிலாகவே எனலாம்.

பனிப்படிகம் அறுகோண வடிவினது. அதன் ஒரு பக்கத்தில் நுழையும் ஒளிக்கதிர் அடுத்த பக்கத்தை விட்டு அதற்கு அடுத்த பக்கத்தின் வழியே வெளியேறின், அவ்விரு பக்கங்களும் 60 பாகைக் கோணமுடைய பட்டகம்போல் நின்று கதிரை வளைக்கும். பனிக்கட்டியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.31. ஆதலின் அவ்வளைவு ஏறத்தாழ 22 பாகைக்குக் குறைவதில்லை. கதிர்கள் அக்கோணத்தை ஒட்டியே மிகுதியாகச் செறிவதால் ஞாயிற்றினின்றும் திங்களினின்றும் 22 பாகை தள்ளி ஒரு வளையம் தோன்றும். வளையத்தின் உட்புறம் சற்றே இருண்டும், உள்விளிம்பு செந்நிறம் பெற்றும் இருக்கும். திங்களின் விட்டம் வானில் அரைப் பாகை அளவினது. எனவே இவ்வளையம் திங்களின் விட்டத்தைப்போல் 44 மடங்கு தொலைவில் நிற்கின்றது. கையை முழுதும் நீட்டி விரல்களை அகல விரித்தால், பெருவிரல் நுனி முதல் சிறுவிரல் நுனி வரையுள்ள ஒரு சாண் வானத்தில் ஏறத்தாழ இவ்வளவையே அளக்கும்.

மற்றை வளையம் நீர்த்துளிகளால் ஆகிய மெல்லிய முகில் திங்களை மூடுங்கால் தோன்றுவது. துளிகளின் ஓரத்தில் ஒளி சிதறி விரிவதே அதற்குக் காரணம். திங்களை ஒட்டி நீலவெண்மையான ஒளித்தட்டும், அதன் விளிம்பில் செம்பழுப்பு நிறமும் காணப்படும். சில பாகை அளவே அது விரியும். துளிகள் சிறியனவாயின் வளையம் பெரிதாகும், பெரியனவாயின் சிறிதாகும். இதன் கணக்கியலை 1943-இல் ஆராய்ந்து எழுதியவருள் ஜி. என். இராமச்சந்திரன் ஒருவர். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக விளங்கியவர் அவர்.

இருவகையும் வேறுபடுமாற்றைச் சுருங்கக் கூறின், பனிவளையத்தில் செந்நிறம் உள்ளே நிற்கும். நீர்வளையத்தில் அது வெளியே நிற்கும். பனிவளையம் திங்களை விட்டு அகன்று நிற்கும்; நீர்வளையம் திங்களை ஒட்டி நிற்கும். பனிவளையத்தின் அளவு மாறாது. நீர்வளையத்தின் அளவு மாறும். இம்மூன்றனுள் இறுதியது நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் வேண்டுவது.

4. பழமொழியின் பொருள்

மேற்காட்டிய பழமொழியோடு ஒருங்குவைத்து நோக்கத்தக்க மற்றொரு வழக்கும் உண்டு. ‘கிட்ட வட்டம் எட்ட மழை, எட்ட வட்டம் கிட்ட மழை’ என்பது அது. திங்களை அணுகி நிற்கும் வட்டம் மழையின் தொலைவையும், அகன்று நிற்கும் வட்டம் மழையின் அணிமையையும் காட்டும் என்பது அதன் கருத்து. ஏரியின் வடபால் வழங்கும் தெலுங்கிலும் இதே கருத்துடைய பழமொழி உண்டு. அம்மொழியில் ‘குடி’ என்னும் சொல் கோயிலையும் குறிக்கும்; ஞாயிறு திங்களைச் சூழும் வளையத்தையும் குறிக்கும். மழைக்குறியான வளையத்தை ‘வரதகுடி’ என்பர்; வரத என்பது அம்மொழியில் வெள்ளம். தொலைவிலுள்ள குடிக்கு மழை அருகில் என்றும், அருகிலுள்ள குடிக்கு மழை தொலைவில் என்றும் அவர்கள் கூறுவர். இரு மொழியாரும் ஒரே காட்சியை ஒரே வகையாகப் பகுத்துள்ளனர்.

இங்கு ஒரு வினா எழுகின்றது. ‘எட்ட’ என்றும் ‘கிட்ட’ என்றும் மக்கள் கூறியது ஒரே வளையம் ஒருநாள் பெரிதாகவும் ஒருநாள் சிறிதாகவும் தோன்றியதையா? அன்று. பனிவளையத்தின் அளவு பனிக்கட்டியின் இயல்பால் அறுதியிடப்பட்டது. அது பழவேற்காட்டிலும் 22 பாகை. வடதுருவத்திலும் 22 பாகை. அஃது ஒருகாலும் சுருங்கித் திங்களை அணுகாது. 46 பாகை அளவுள்ள பெரிய பனிவளையம் ஒன்றும் உண்டு. ஆயின் அது மிக மங்கியது. எப்போதோ ஒருமுறை தோன்றுவது. ஊரார் அனைவரும் கண்டு பழமொழி அமைக்கத் தக்கதன்று. ஆதலின் அளவால் வேறுபட்ட இரண்டு வட்டங்களை மக்கள் கண்டு பிரித்தனர் எனின், அவர்கள் பிரித்தது வெவ்வேறான இரண்டு காட்சிகளையே என்பது பெறப்படும். எட்ட வட்டம் பனியினது. கிட்ட வட்டம் நீர்த்துளியினது. இயற்பியல் நூலறிவு இல்லாதோர் கண்ணளவால் கண்ட இப்பாகுபாடு, பிற்கால அறிவியல் காரணம் காட்டி நிறுவிய பாகுபாட்டோடு முற்றும் ஒத்துள்ளது.

எனவே ‘அகல் வட்டம்’ என்னும் தொடரில் அகல் என்பது பிறிதின் இயைபு நீக்கிய அடையாகும். அதனை நீக்கி ‘வட்டம் பகல் மழை’ என்றால் ஓசை மட்டுமன்று, உண்மையும் கெடும்.

5. பெயரமைதி

பெயர்களின் அமைதியும் நோக்கத்தக்கது. ‘நிலா கோட்டை கட்டியிருக்கிறது’ என்பது நாட்டு வழக்கு. நடுவே அரசன்போல் திங்களும், சூழ மதில்போல் வளையமும், இடையே வெட்டவெளியும் அமைந்த காட்சிக்குக் கோட்டை என்னும் பெயர் மிகப் பொருந்தும். திங்களை ஒட்டிநிற்கும் சிறுவளையத்தில் இடைவெளி இல்லை. மதில் அரசன் மேனியைத் தொட்டு நில்லாது. ஆகவே கோட்டை என்னும் பெயர் முதற்கண் அகல்வட்டத்திற்கே எழுந்து, பின்னர் இரண்டற்கும் பொதுவாயிற்று எனக் கருதலாம்.

ஊர்கோள் என்னும் சொல்லை இருவகையாகப் பிரித்துப் பொருள்காண இடமுண்டு. ஊர்தல் என்னும் வினையடியாகக் கொள்ளின் படர்ந்து சூழ்ந்துகொள்ளுதல் எனப் பொருள்படும். ஊர் என்னும் பெயரடியாகக் கொள்ளின் ஊர்போல் வளைத்துக்கொள்ளுதல் எனப் பொருள்படும். எவ்வாறாயினும் சூழ்ந்து அடைத்தல் என்னும் கருத்து இரண்டிலும் உண்டு. மேனாட்டு மொழிகளில் வழங்கும் ‘ஹாலோ’ என்னும் சொல் கிரேக்க மொழியில் வட்டமான நெற்களத்தை, அஃதாவது கதிரடிக்கும் களத்தைக் குறித்ததாகும். கிரேக்க உழவன் வானில் தன் களத்தைக் கண்டான்; தெலுங்கன் கோயிலைக் கண்டான்; தமிழன் கோட்டையைக் கண்டான். தத்தம் வாழ்வில் அறிந்த வட்டமான அடைப்பையே ஒவ்வொருவரும் வானத்தில் வைத்துப் பார்த்தனர் என்பது இதனாற் புலனாகும்.

6. வடமொழி நூலார் கருத்து

பரிவேடம் பற்றிய இந்திய நூல்களுள் தலையாயது வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் இயற்றிய பிருகத் சங்கிதை. அதன்கண் பரிவேடத்திற்குத் தனியே ஓர் அதிகாரமும், போலி ஞாயிற்றிற்குத் தனியே ஓர் அதிகாரமும் உள்ளன. ஞாயிறு திங்களின் கதிர்கள் காற்றால் திரட்டப்பட்டு வட்டமாகி, மெல்லிய முகில் படர்ந்த வானில் பல நிறத்தோடும் வடிவோடும் காணப்படுவதே பரிவேடம் என்பது அவர்தம் விளக்கம். காற்றைக் காரணமாக்கியது பிழை. ஆயினும் மெல்லிய முகில் இன்றியமையாதது என்று கண்டது நுட்பமான காட்சியறிவு.

போலி ஞாயிற்றைப் பற்றி அவர் கூறுவது இன்னும் ஆராய்தற்குரியது. அது ஞாயிற்றின் வடக்கே தோன்றின் மழை, தெற்கே தோன்றின் காற்று, இரு புறமும் தோன்றின் நீரால் அச்சம், மேலே தோன்றின் அரசனுக்குக் கேடு, கீழே தோன்றின் மக்களுக்குக் கேடு என்பது அவர் வகுத்த பயன். பயனை நாம் ஏற்க வேண்டுவதில்லை. இடக்குறிப்பை மட்டும் நோக்குவோம். தட்டையான பனிப்படிகங்கள் கிடையாக மிதந்து வீழுங்கால் ஞாயிற்றின் இரு பக்கத்தும், அதே உயரத்தில், ஒளித்திரள்கள் தோன்றும். காலையில் கிழக்கு நோக்கி நிற்பவனுக்கும் மாலையில் மேற்கு நோக்கி நிற்பவனுக்கும் அவை சரியாக வடக்கிலும் தெற்கிலுமே அமையும். கோல் வடிவான படிகங்கள் கிடையாக நிற்பின் அகல்வட்டத்தின் உச்சியிலும் அடியிலும் ஒளி திரளும். அவையே மேல், கீழ் எனப்பட்டன போலும். ஆகவே நிமித்தம் என்னும் போர்வையை நீக்கிப் பார்த்தால், உள்ளே மெய்யான காட்சிப் பதிவு ஒன்று கிடைக்கின்றது. நூலார் காட்சியை அரசனின் நலந்தீங்கோடு பிணைத்தனர். மீனவரும் உழவரும் அதனை மழையோடு பிணைத்தனர். இரண்டனுள் பின்னதே சோதித்துப் பார்க்கத்தக்க கூற்று என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

7. மேனாட்டு ஆராய்ச்சியும் ஒல்லாந்தர் காலமும்

அரசனோடு பிணைக்கும் வழக்கம் மேனாட்டிலும் இருந்தது. 1535 ஏப்ரலில் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரின்மேல் பல வளையங்களும் போலி ஞாயிறுகளும் தோன்றின. சமயச் சீர்திருத்தத்தால் நாடு கலங்கியிருந்த காலம் அது. அக்காட்சியை ஓவியமாக வரையச் செய்தது அரசனின் ஐயத்திற்கு இடமாயிற்று. அவ்வோவியத்தின் 1636-ஆம் ஆண்டுப் படி அந்நகரத் தலைமைத் திருக்கோயிலில் இன்றும் உள்ளது. 1629-இல் உரோமாபுரியில் ஷைனர் என்பார் கண்ட போலி ஞாயிறுகளின் செய்தி டெகார்ட்டே என்னும் மெய்யியலறிஞரை எட்டி, 1637-இல் வெளிவந்த அவருடைய வானியல் நிகழ்ச்சிகள் பற்றிய நூலுக்குத் தூண்டுகோலாயிற்று. 1661 பிப்ரவரியில் டான்சிக் நகரில் ஹெவேலியஸ் ஏழு ஞாயிறுகள் கண்டதாகப் படத்தோடு பதிவு செய்தார்.

இக்காலத்தே பழவேற்காட்டின் நிலை என்னை? ஒல்லாந்தர் அங்கு 1610-ஐ ஒட்டி வணிகக் களம் நிறுவி, 1613-இல் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 1690-இல் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம் அதுவே. இன்று அக்கோட்டை இல்லை. சிற்பம் செதுக்கிய ஒல்லாந்தர் கல்லறைகளும் கோட்டைக்குப்பம் என்னும் ஊர்ப்பெயருமே எஞ்சியுள்ளன. பழவேற்காட்டுத் துணிப்பொதிகள் ஒல்லாந்து சென்றுகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்நாட்டு அறிஞர் ஹைகன்ஸ் பரிவேடத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1667-இல் பாரிசு நகரில் தோன்றிய வளையத்தை ஒட்டி அவர் தம் கருத்தை அவையில் உரைத்தார். நடுவே ஒளிபுகா உறைபனியும் புறத்தே தெளிந்த நீரும் உடைய உருண்டைகளே வளையத்தை உண்டாக்கும் என்பது அவர் கொள்கை. அவருடைய நூல் அவர் மறைவிற்குப் பின் 1703-இல் அச்சாயிற்று. கொள்கை நிலைக்கவில்லை. 1681-இல் பிரெஞ்சு நாட்டு மாரியாட் கூறிய 60 பாகைப் பட்டகக் கருத்தே உண்மை என்பது, பல்லாண்டு மறக்கப்பட்டுக் கிடந்து, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் நிலைபெற்றது. 1847-இல் பிரவே என்பார் அனைத்துவகை வளையங்களையும் வில்களையும் கணித்து ஒழுங்குபடுத்தினார்.

இதனால் நாம் கொள்ளவேண்டுவது யாது? ஒல்லாந்தர் கப்பல்கள் பழவேற்காட்டினின்று துணியைக் கொண்டுசென்றன. குப்பத்தார் வானத்தைப் பற்றி அறிந்திருந்ததைக் கொண்டுசென்றதற்குச் சான்று இல்லை. ஒரு பக்கம் காரணம் தேடும் கல்வி. ஒரு பக்கம் பயன் தேடும் காட்சி. இரண்டும் ஒரே கரையில் அருகருகே இருந்தும் ஒன்றையொன்று அறியாது போயின.

8. அருமை இடம்பற்றியது

பரிவேட வகைகளுள் மிக அரியன எனப்படுவன சில உள. 1790 சூன் திங்களில் புனித பீட்டர்சுபர்க்கில் லோவிட்ஸ் கண்ட வில்லும், 1820-இல் வடதுருவப் பயணத்தின்போது பாரி கண்ட வில்லும் கண்டோர் பெயராலேயே வழங்குகின்றன. கூம்புமுனை உடைய பனிப்படிகங்களால் 9, 18, 20, 23, 24, 35 பாகை அளவில் ஆகும் வளையங்களும் உண்டு. இவையெல்லாம் எங்கும் அரியனவே.

ஆயின் வேறு சில காட்சிகளின் அருமை இடத்தைப் பொறுத்தது. ஞாயிறு 58 பாகைக்குமேல் உயர்ந்து நிற்கும்போது மட்டும், அதற்கு நெடுந்தொலைவு கீழே, தொடுவானுக்கு இணையாக ஏழ்நிறம் தெளிந்த கிடைவில் ஒன்று தோன்றக்கூடும். வடக்கே 55 பாகைக் கோட்டிற்கு அப்பாலுள்ள நாடுகளில் ஞாயிறு அவ்வுயரத்தை எட்டுவதே இல்லை. ஆகவே ஸ்டாக்ஹோமிலும் பீட்டர்சுபர்க்கிலும் அவ்வில்லைக் காண இயலாது. பழவேற்காடோ 13 பாகைக்குச் சற்று வடக்கே உள்ளது. அங்கு ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகல் ஞாயிறு தலைக்கு நேரே நிற்கும். நவம்பர் நடுப்பகுதி முதல் சனவரி இறுதி வரையுள்ள நாட்கள் நீங்கலாக, ஆண்டு முழுதும் நண்பகலில் ஞாயிறு 58 பாகையைக் கடக்கின்றது. ஐரோப்பியர் பலர் வாழ்நாள் முழுதும் காணாத கிடைவில்லிற்கு இங்கு ஆண்டில் ஒன்பது திங்களுக்கு மேல் இடமுண்டு. மறுதலையாக, போலி ஞாயிறுகளை இங்கு நண்பகலில் தேடுதல் வீண். ஞாயிறு தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலுமே அவை தோன்றும். ஞாயிறு 60 பாகையைக் கடந்தால் மறையும்.

2021 மே 24 அன்று பெங்களூரு நகரின்மேல் ஞாயிற்றைச் சூழ்ந்து அகல்வட்டம் தோன்றியபோது மக்கள் வியந்து படம் பிடித்தனர். அரிய காட்சி என்று செய்தித்தாள்கள் எழுதின. அகல்வட்டம் உண்மையில் அத்துணை அரியதன்று. நகரத்தார் தலைநிமிர்ந்து வானம் பார்ப்பதே அரிதாயிற்று என்பதே பொருந்தும். அரியது என்னும் சொல்லை ஆளுமுன், எவ்விடத்தில், எவர்க்கு என்று வினவுதல் ஆராய்ச்சியாளர் கடமையாம்.

9. பழமொழியின் எல்லை

இதுகாறும் பழமொழியின் சிறப்பைக் கூறினோம். அதன் எல்லையையும் கூறாவிடின் நடுவுநிலை வழுவியவராவோம். அகல்வட்டம் மழையை முன்னறிவிப்பதற்குத் தக்க காரணம் உண்டு. வங்கக் கடலில் தாழ்வழுத்தமோ புயலோ உருவாகும்போது, மேலெழுந்த காற்று உச்சியில் நாற்புறமும் விரிந்து பனிமுகிலைப் பல நூறு கிலோமீட்டர் தொலைவிற்குப் பரப்பும். புயலின் கருமுகில் வருமுன் அதன் வெண்ணிற மேலாடை வந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிகழும் வடகிழக்குப் பருவத்தில் வாடையும் கொண்டலும் வீச, திங்களைச் சுற்றிக் கோட்டை தோன்றின், நெய்தல் நிலத்தார் அஞ்சியதில் பொருள் உண்டு. 1984 நவம்பரில் சிறீஅரிக்கோட்டையை ஒட்டிக் கரைகடந்த புயலும், 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலும் இப்பருவத்தனவே.

ஆயின் சூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவின்மேல் மிக உயரத்தில் வீசும் வலிய கீழைக்காற்று பனிமுகிலை நெடுந்தொலைவினின்று இழுத்து வரும். மாலை இடிமழை பெய்து ஓய்ந்தபின் அதன் உச்சிமுகில் வானில் தங்கிநிற்றலும் உண்டு. அப்போது தோன்றும் வட்டம் வரும் மழையை அன்று, போன மழையைக் காட்டும். சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள வறண்ட காலத்தில் வட்டம் தோன்றினும் மழை பெரும்பாலும் இல்லை. அன்றியும் திங்களின் ஒளி மிகுந்த இரவுகளிலேயே வட்டம் தெளிவாகப் புலப்படும். புயலோ பிறைநாளும் இருள்நாளும் பார்த்து வருவதன்று. ஆகவே இப்பழமொழி எல்லாக் காலத்திற்கும் எல்லா நிலத்திற்கும் உரிய விதி அன்று. ஒரு கரைக்கும் ஒரு பருவத்திற்கும் உரிய விதி. கச்சான் வீசும் காலத்து வட்டத்தையும் வாடை வீசும் காலத்து வட்டத்தையும் ஒன்றாகக் கொள்வோன் பழமொழியைக் கேட்டவன் ஆவான், அறிந்தவன் ஆகான்.

கல்கத்தாத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை 1865-இல் தொடங்கிற்று. இந்திய வானிலைத்துறை 1875-இல் நிறுவப்பட்டது. இன்று செயற்கைக்கோள்கள் புயலின் மேலாடையை அது விரியத் தொடங்கும்போதே காட்டுகின்றன. கடல்மேற் செல்வோர் வட்டத்தை நம்பி எச்சரிக்கையைப் புறக்கணித்தல் கூடாது என்பதைச் சொல்லாமலே உணரலாம். அவ்வாறாயின் பழமொழியால் இனிப் பயன் என்னை எனின், கூறுவோம்.

10. முடிவுரை

பழமொழியின் பயன் இனி முன்னறிவிப்பில் இல்லை. பகுத்தறிந்த காட்சியைச் சொல்லில் சேமித்து வைத்திருப்பதில் உள்ளது. அகல்வட்டம், கிட்ட வட்டம் என இரண்டாக மக்கள் பிரித்ததை, நூலோர் பரிவேடம் என்றும் இக்காலத்தார் ஒளிவட்டம் என்றும் ஒன்றாக்கிவிட்டனர். பாடநூல்களிலும் அகராதிகளிலும் இக்குறை நீங்குதல் வேண்டும். பனிப்படிகத்தால் ஆகும் வளையத்திற்கு அகல்வட்டம் என்னும் வழக்குச்சொல்லையும், நீர்த்துளியால் ஆகும் வளையத்திற்குக் குறுவட்டம் என்னும் சொல்லையும் வரையறுத்து ஆளலாம் என்பது எம் கருத்து. முன்னது மக்கள் தந்தது. பின்னது அதனை ஒட்டி அமைத்துக்கொள்வது.

பழமொழி தொகுப்போர் தொடரை மட்டும் எழுதிக்கொண்டு மீளுதல் போதாது. எப்பருவத்தில், எக்காற்று வீசுங்கால், எவ்வூரில், ஏரியாரா கடலாரா கூறியது என்பவற்றையும் உடன் குறித்தல் வேண்டும். கட்டுமரமும் பாயும் போய் இயந்திரப் படகு வந்துவிட்டது. வானம் பார்த்துக் கடலுக்குச் சென்ற தலைமுறையினர் முதுமையுற்றுள்ளனர். அவர் நாவில் உள்ள அடைமொழிகள் அவரோடு மறையுமாயின், நாம் இழப்பது சில சொற்களை மட்டுமன்று. அச்சொற்கள் பிரித்துக்காட்டிய பொருள் வேறுபாடுகளையும் இழப்போம்.

அடுத்த முறை திங்களைச் சூழ்ந்து வட்டம் காணும்போது இக்கட்டுரையைப் படிப்போர் கையை நீட்டி ஒரு சாண் வைத்துப் பார்ப்பாராக. வளையம் சாணின் எல்லையில் நிற்குமாயின் அது பனியால் ஆயது. அதற்குள் அடங்கித் திங்களை ஒட்டி நிற்குமாயின் நீரால் ஆயது. பழவேற்காட்டுக் கரையில் நின்று பார்ப்பினும் பிற எவ்விடத்து நின்று பார்ப்பினும் இவ்வளவை பிழைபடாது. ‘அகல்’ என்னும் ஒரு சொல் சுமந்துவந்த அறிவு இது.